களப்போரம் ஒரு பார்வையாளர் நிலையம்: முதலில் எதை வரைவது?

கேள்வி: மொரட்டுவயில் கட்டடக்கலை படிக்கும் தம்பி ஒருவரிடமிருந்து, 2023 மார்ச் 4

"இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்குக் கொழும்புக்கு வடக்கே உள்ள முத்துராஜவெலச் சதுப்பை எடுத்திருக்கிறேன். சரணாலயத்துக்குள்ளேயே, களப்பைப் பார்த்தபடி ஒரு பார்வையாளர் நிலையம். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, கூரையில் புல், பக்கத்தில் சோலர். கந்தலம ஹோட்டல்தான் முன்மாதிரி. இதை இன்னும் நிலைபேறானதாக்க வேறு என்ன சேர்க்கலாம்?"

மார்ச் 4, இரவு

சேர்க்க ஒன்றும் இல்லை தம்பி, கழிக்கத்தான் நிறைய இருக்கிறது. முதலில் மலசலகூடத்தை வரையுங்கள்.

பகிடிக்குச் சொல்லவில்லை. இப்படியான இடத்துக்கு வருகிறவர்களில் பாடசாலைப் பிள்ளைகள்தான் கூட்டமாக வருவார்கள். பஸ் வந்து நிற்கும், ஐம்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், ஐம்பது பேருக்கும் தேவை ஒன்றுதான், அது கொக்கு பார்ப்பது இல்லை. பின்னாலேயே இரண்டாவது பஸ். அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தாங்காவிட்டால் பிள்ளைகள் கண்டல் பற்றைக்குள் ஒதுங்குவார்கள். சரணாலயம் பார்க்க வந்த பயன் அதோடு சரி.

அடுத்தது, அந்தக் கழிவு எங்கே போகும்? முத்துராஜவெலவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஊரில் கட்டுகிற மாதிரி ஊறுகுழி வைத்தால், கழிவுநீர் வடிந்து சுத்தமாவதற்கு அடியில் உலர்ந்த மண் கிடையாது. நேரே சதுப்புக்கும் களப்புக்கும் போகும். அந்தக் களப்பில் இறாலும் மீனும் பிடித்துத்தான் நீர்கொழும்புப் பக்கத்தில் எத்தனையோ குடும்பம் சீவிக்கிறது. இதற்கு ஒரு வழி வைத்த பிறகு கண்ணாடியைப் பற்றிக் கதைக்கலாம்.

நான் கட்டடக்கலைஞன் இல்லை. கட்டினவர்கள் போன பிறகு வருகிற ஆள். வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கைகளில் உள்ள தொடர்மாடிகளின் பராமரிப்புத்தான் என் வேலை. அதனால் என் கண்ணுக்கு முதலில் படுவது அழகு இல்லை.

மார்ச் 5

"மலசலகூடத்தை வைத்து யாராவது பட்டம் எடுத்திருக்கிறார்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தெரியாது. அது இல்லாததால் பூட்டிக் கிடக்கிற மண்டபங்கள் தெரியும்.

மார்ச் 7

உப்பைப் பற்றிச் சொல்கிறேன். இதைப் புத்தகத்தில் படிப்பதை விட வெள்ளவத்தைக்கு வந்து ஒரு யன்னலைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கடலுக்கு முகம் கொடுத்த மாடிகளில் அலுமினியச் சட்டத்துக்குச் சாதாரண இரும்புத் திருகாணி பூட்டியிருப்பார்கள். இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம், அதுவே போதும். ஆணியைச் சுற்றி வெள்ளைத் தூள் பூக்கும். திருப்புளியை வைத்துத் திருப்பினால் தலை மட்டும் கழன்று கையோடு வரும், உடல் சட்டத்துக்குள்ளேயே இருக்கும். பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும், துளைத்த ஓட்டை பெரிதாகும், அடுத்த ஆணி நிற்காது. ஒரு யன்னலுக்கு அரை நாள் போய்விடும்.

துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் தருவது பெரும்பாலும் 304 என்ற ரகம். கடற்காற்றில் அதுவும் தேநீர்க் கறை மாதிரிப் புள்ளி போடும். 316 கேட்க வேண்டும். அதில் இரண்டு மூன்று வீதம் மொலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். விலை கூட. ஆகவே எல்லா இடத்துக்கும் 316 போட நினைக்காமல், உலோகம் தேவைப்படும் இடங்களைக் குறையுங்கள். மரக் கைப்பிடி, மரச் சலாகை, கயிறு. பிணைச்சலுக்குப் பித்தளை.

கொங்கிறீட்டுக்கும் இதே கதைதான். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் கறள் கம்பியை விடப் பருத்து, வெளியே மூடிய சீமெந்தைத் தள்ளி உடைக்கும். கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றர் மூடல் கேளுங்கள். மேசன் பாஸ் 25 வைத்துவிட்டு "அது காணும்" என்பார். காணாது.

மணலும் கவனம். கடலிலிருந்து உறிஞ்சிய மணலை முத்துராஜவெலப் பக்கத்திலேயே மலையாகக் குவித்து, மழையில் உப்புக் கழுவப்பட விட்டுத்தான் கொழும்புக் கட்டடங்களுக்கு விற்கிறார்கள். நன்றாகக் கழுவியதில் பிழை இல்லை. ஆனால் குளோரைட் பரிசோதனைத் தாள் இல்லாமல் ஒரு லொறியும் இறக்க விடாதீர்கள்.

மார்ச் 7, கொஞ்சம் பிந்தி

சோலர் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. பலகைகள் நன்றாகவே நிற்கும். முதலில் போவது இன்வேட்டர்தான், உள்ளே இருக்கும் விசிறி உப்புக் காற்றை இழுத்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். அதைக் காற்றோட்டமான, மழை படாத, கடலுக்கு முதுகு காட்டிய அறையில் வையுங்கள். ஏசி இல்லாவிட்டால் இந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்? நாலு விளக்கு, சில மின்விசிறி, ஒரு பம்ப். மாலையோடு பூட்டுகிற இடம்.

மார்ச் 9

கண்ணாடிக்கு வருவோம்.

இங்கே கடல் மேற்கே, களப்பு வடக்கே. கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகை வடக்கில் இருப்பதால் ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 16 பாகை வடக்கே சாய்ந்து நிற்கும். ஆகவே வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. ஆனால் அது உயரத்திலிருந்து வருகிற வெயில், நல்ல தாழ்வாரம் இருந்தால் தடுத்துவிடலாம். தடுக்க முடியாதது மேற்கு. பின்னேர வெயில் படுக்கையாக உள்ளே வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைச் சுவரில் அறையும். மேற்கில் களஞ்சியம், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி இவற்றை வைத்து அடையுங்கள்.

தரை முதல் கூரை வரை கண்ணாடி வைத்தால் உள்ளே அடுப்பு. அப்புறம் ஏசி, அதன் வெளிப்பெட்டியின் மெல்லிய தகடுகளை உப்பு தின்னும். பறவைகளுக்கும் அது பொறி. எதிரே உள்ள கண்டல் கண்ணாடியில் தெரியும், பறவை அதை மரமென்று நினைத்து வந்து மோதும். ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மத்திய ஆசியப் பாதையால் வலசை வருகிற பறவைகளைக் காட்டத்தான் இந்த நிலையமே, அவற்றைச் சுவரில் அடித்து விழுத்தவா?

மரச் சலாகைச் சுவர், அதில் நீளவாட்டில் பார்வைத் துளை. துளையை மூன்று உயரத்தில் வையுங்கள்: பெரியவர்களுக்கு ஒன்று, எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்று, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதை விட இதற்குள் நின்றால் நீலத் தாழைக்கோழி இன்னும் கிட்ட வரும்.

மார்ச் 10

கந்தலமவை எல்லாரும் காட்டுகிறார்கள், எல்லாரும் அதன் கூரையைத்தான் காட்டுகிறார்கள். 1994 இல் திறந்த அந்த ஹோட்டல் தம்புள்ளைக்குக் கிட்ட, வறண்ட வலயத்தில், பாறையில் நிற்கிறது. கடற்காற்று இல்லை, சதுப்பும் இல்லை. அந்தப் புல் கூரையை இங்கே தூக்கி வந்தால் சதுப்பின் அடியில் உள்ள பீட் என்ற மெத்து மண் அந்தப் பாரத்தைத் தாங்காது. கீழே ஒழுகத் தொடங்கினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடவே ஒரு மழைக்காலம் போகும்.

அதை வடிவமைத்த கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவிடம் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கட்டடத்தைத் தூண்களில் தூக்கி மழைநீரை அடியால் போகவிட்டது. இரண்டாவது, அதைவிட முக்கியமானது: சீகிரியாப் பக்கம் கட்டலாம் என்று காட்டிய இடத்தை அவர் ஏற்கவில்லை, கந்தலம குளத்துப் பக்கம் கொண்டுபோனார். அவர் முதலில் யோசித்தது கூரையை அல்ல, இடத்தையே.

கூரைக்கு அவருடைய பழைய முறையே போதும்: நெளித்தகட்டுக்கு மேல் அரைவட்ட ஓடு. குரங்கு ஓட்டை நகர்த்தினாலும் கீழே தகடு தண்ணீரைப் பிடிக்கும். அந்தக் காலத்தில் தகடு அஸ்பெஸ்டஸ் சீமெந்து. இப்போது அஸ்பெஸ்டஸ் கலக்காததைக் கேட்டு வாங்குங்கள். கிடுகு அழகுதான், அடிக்கடி மாற்ற வேண்டும், மாற்றத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆள் இருந்தால் சரி.

மார்ச் 12

மன்னாரிலிருந்து ஒருவர் முத்துராஜவெலவை ராம்சார் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம், என்று எழுதியிருக்கிறார். அது பிழை. இலங்கையின் ஆறு ராம்சார் தலங்கள் புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, அவருடைய பக்கத்து வங்காலை, குமண, வில்பத்து. 2018 இல் கொழும்புக்குக் கிடைத்தது ஈரநில நகரம் என்ற அங்கீகாரம், அது வேறு. முத்துராஜவெலவின் ஒரு பகுதி 1996 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பொறுப்பு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு.

வங்காலைப் பூநாரைகளைப் பற்றி அவர் எழுதியது நன்றாக இருந்தது. அங்கே ஒரு நிலையம் கட்டுவதென்றால் நான் சொன்ன பாதி பொருந்தாது. மழை குறைவு, காற்று கூட, நிழல் இல்லை. தனி இழை தொடங்குங்கள் அண்ணை.

மார்ச் 13

மழைநீர் சேகரிப்பைப் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு.

கணக்கு லேசு. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. 200 சதுர மீற்றர் கூரை என்றால் 480,000 லீற்றர் விழும். ஐந்தில் ஒன்று வீணானாலும் 384,000 லீற்றர் மிச்சம். ஐம்பது பிள்ளைகள் ஆளுக்கு 6 லீற்றர் ஊற்றினால் ஒரு பஸ்ஸுக்கு 300 லீற்றர். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை. தொட்டி காய்வது ஜனவரி, பெப்ரவரியில்தான்.

சிக்கல் பீலியில். கொழும்பில் டெங்கு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பது கூரைப் பீலியைத்தான். இலை அடைத்து, தண்ணீர் தேங்கி, நுளம்பு முட்டையிட்டு, தண்டப்பத்திரம். சதுப்புக்குப் பக்கத்தில் மரங்களுக்கு அடியில் இருக்கும் கூரையில் இலை விழாத நாள் ஏது? ஆகவே கைக்கெட்டாத உயரத்தில் பீலி வைக்காதீர்கள். தாழ்வாரத்தைத் தாழ இறக்கி, ஸ்டூலில் ஏறினால் கை எட்டுகிற உயரத்தில், நல்ல சரிவோடு அகலமான பீலி. இல்லாவிட்டால் பீலியே இல்லாமல், கூரைத் தண்ணீர் நேரே கூழாங்கல் போட்ட வாய்க்காலில் விழுந்து தொட்டிக்குப் போகட்டும். தொட்டி வாய்க்கு நுளம்பு வலை, முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு.

மார்ச் 16

மலசலகூடத்துக்குத் திரும்ப வருகிறேன். மட்டக்களப்பிலிருந்து எழுதிய அக்கா உரமாக்கும் முறையைச் சொல்லியிருக்கிறார்: சிறுநீர் வேறு, மலம் வேறு, ஒவ்வொரு தரமும் சாம்பலோ மரத்தூளோ தூவுவது, ஓர் அறை நிரம்பினால் அதை மூடி வைத்து மற்றதைப் பாவிப்பது. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்துக்குக் கோட்பாட்டளவில் இதைவிட நல்லது இல்லை.

இரண்டு நாளாக யோசித்தேன். வீட்டுக்கு நல்லது, சுற்றுலா பஸ்ஸுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த ஊரில் நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். ஒரு பிள்ளை வாளித் தண்ணீரை மல அறைக்குள் ஊற்றினால் போதும், அந்த அறை பழுதாகி நாற்றம் தொடங்கும். ஐம்பது பிள்ளைக்கும் யார் விளங்கப்படுத்துவது? பஸ் நின்றவுடனே வகுப்பா எடுப்பது?

ஆகவே பிரித்து வையுங்கள். பொதுமக்களுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை, கழிவு நிலத்துக்கு மேலே தூக்கி வைத்த, கசியாத தொட்டிக்கு. தொட்டியிலிருந்து வழியும் நீர், அடியில் உறை போட்டு மூடிய ஜல்லிப் படுக்கையில் சம்பும் கோரையும் வளர்த்த இடத்தால் மெதுவாக வடியட்டும். அடியில் தங்குவதைக் கழிவு உறிஞ்சும் பவுசர் வண்டி வந்து எடுக்கும். அக்காவின் முறை ஊழியர்களுக்கு, அவர்கள் தினமும் பாவிப்பார்கள், பழகுவார்கள். அது சரியாக நடந்தால் பிறகு பெருப்பிக்கலாம்.

பவுசர் வந்து திரும்ப இடம் விடுங்கள். இதை மறந்த வரைபடங்களை எண்ண விரல் காணாது.

மார்ச் 16, அதே இரவு

2022 இல் பவுசருக்கும் டீசல் இல்லாமல் இருந்ததே என்று ஒருவர். உண்மை. பஸ்ஸுக்கும் இல்லை, அதனால் பிள்ளைகளும் வரவில்லை, தொட்டியும் நிரம்பியிராது. கணக்குச் சமன்.

ஆனால் அந்த ஆண்டை நினைத்து வரையுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. லிஃப்ட், பம்ப், ஏசி எல்லாம் நின்றன. டொலர் இல்லாததால் உதிரிப்பாகமும் வரவில்லை. எங்கள் கட்டடம் ஒன்றில் ஒரு சின்னச் சுற்றுப்பலகைக்காகப் பம்ப் மாதக்கணக்கில் கிடந்தது, ஆட்கள் வாளியோடு மாடியேறினார்கள். ஜா-எலச் சந்தியில் உள்ள இரும்புக்கடையில் கிடைக்காத ஒரு பொருளை இந்த நிலையத்தில் வைக்க முன் இரண்டு தரம் யோசியுங்கள். ஜேர்மன் சென்சர் குழாய் வேண்டாம்.

மார்ச் 19

இனி இடம். இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், ஆனால் தம்பி ஓடிவிடுவாரென்று பின்னுக்கு வைத்தேன்.

சரணாலயத்துக்குள் கட்டவே வேண்டாம்.

சதுப்பின் அடியில் கிடப்பது பீட், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் மக்காமல் தங்கிய தாவர மீதி. மண் நிரப்பினாலோ வடித்தாலோ அது சுருங்கித் தாழும், காற்றுப் பட்டு மக்கி, பிடித்து வைத்திருந்த கரியை வெளியே விடும். கோடையில் பற்றியும் எரியும். அதன் மேல் சூழலுக்கு உகந்த கட்டடம் எழுப்புவது என்ன நியாயம்? சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2003 இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இந்தச் சதுப்பின் பயன்களில் பெரிய தொகை வெள்ளத்தைத் தாங்கும் வேலைக்குத்தான் போடப்பட்டது. ஏறத்தாழ 11 மில்லியன் கன மீற்றர் நீரைத் தேக்கி மெதுவாக விடுகிற இடம். நாம் நிரப்புகிற ஒவ்வொரு துண்டும் வத்தளைப் பக்கத்தில் யாரோ வீட்டுக்குள் போகிற தண்ணீர்.

ஏற்கனவே கடித்ததும் கொஞ்சமில்லை. 2013 இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதி இதற்கூடாகப் போகிறது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து ஆட்கள் இறந்த பிறகு கொழும்பின் குப்பை இந்தச் சதுப்பின் ஓரத்துக் கெரவலப்பிட்டிப் பக்கம் திரும்பியது.

ஆகவே நிலையத்தை வெளியே, ஏற்கனவே நிரப்பிய, கட்டிய தரையில் வையுங்கள். நீர்கொழும்பு வீதியில் 240 ஆம் இலக்க பஸ் போகிறது. அந்த வீதியோரம் ஒரு பழைய களஞ்சியமோ ஆலைக் கட்டடமோ எடுத்துத் திருத்தினால் புதுச் சீமெந்தே பாதி மிச்சம், வாகனம் இல்லாதவரும் வரலாம். சதுப்பின் ஓரத்தில் ஒரு படகுத்துறை, சலாகைச் சுவர் வைத்த பார்வைக் கொட்டில், அவ்வளவுதான். ஒல்லாந்தர் கால்வாயே பாதை. படகோட்டும் உள்ளூர்ப் பொடியன்களுக்கு எந்த முதலை எங்கே வெயில் காய்கிறது என்று தெரியும், அதைவிட நல்ல காட்சியறை இல்லை.

சட்டமும் இதற்குத்தான் சாதகம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர்க் குறியிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். களப்பு, ஆற்றுவாய் என்றால் அதற்கு மேலும் உள்ளே வரும். அனுமதி இல்லாமல் கல் வைக்க முடியாது.

மார்ச் 20

"அப்ப செயற்திட்டத்தில் வரைய என்ன மிஞ்சும்" என்று தம்பி கேட்கிறார். நிறைய மிஞ்சும். பழைய ஆலையொன்றைத் திருத்துவது புதிதாகக் கட்டுவதை விடக் கஷ்டம், அதை வரைந்து காட்டினால் ஆசிரியர்களுக்கே வேலை வரும்.

மரப்பலகை நடைபாதை வேண்டுமென்றால் குட்டையாக வையுங்கள். கொழும்புக்குக் கிட்ட ஓர் ஈரநிலப் பூங்காவில் (பெயர் வேண்டாம்) நீளமான நடைபாதையில் பலகை உக்கி, குறுக்கே கயிறு கட்டி, அந்தக் கயிறும் பாசி பிடித்திருந்தது. பலகை உக்குவது தண்ணீருக்குள் இல்லை, தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படுகிற மட்டத்தில். தூணின் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றக்கூடியதாகப் பொருத்துங்கள். ஒவ்வொரு பலகையும் தனியாகக் கழற்ற வர வேண்டும், எல்லாம் ஒரே அளவு.

மார்ச் 23

உள்ளே என்ன காட்டுவது என்ற பேச்சு எங்கேயோ போய்விட்டது. தொடுதிரை என்கிறார்கள். உப்பும் ஈரமும் பட்டு அது கறுத்துப்போன பிறகு "பழுது" என்று ஒட்டிய தாள்தான் பிள்ளைகள் வாசிப்பது.

என்னைக் கேட்டால் கரையில் பொறுக்கிய பிளாஸ்ரிக் குருணை ஒரு போத்தல் போதும். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணை கடலில் போனது. சரக்குவ, பமுனுகமக் கரையில் அது பனி கொட்டியது போலக் கிடந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கும் அந்தக் கரையில் மணலை அள்ளி அரித்தால் மஞ்சள் பட்ட, சிலது கருகிய மணிகள் வரும். ஒரு சல்லடை, ஒரு தட்டு, கொஞ்சம் மணல் வைத்தால் பிள்ளைகள் தாங்களே எடுப்பார்கள். கரண்ட் தேவையில்லை.

சிலாபத்துக்கு அருகே பம்பலவில் 2016 இல் திறந்த கண்டல் அருங்காட்சியகத்தைத் தம்பி போய்ப் பார்க்க வேண்டும். நாற்றுமேடையும் பக்கத்திலேயே இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்துக்கும் இடம் விடுங்கள். 2017 இல் சோறு சுற்றும் பொலித்தீன் லன்ச் ஷீட்டுக்குத் தடை வந்தாலும் பிள்ளைகளின் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாருங்கள் தெரியும். நிழலில் நீளமான வாங்கு, கை கழுவக் குழாய், காகமும் கபரக்கொய்யாவும் திறக்க முடியாத மூடி வைத்த குப்பைத்தொட்டி. சாப்பாட்டுக் கொட்டில் சதுப்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

மார்ச் 27

தம்பியின் திருத்திய வரைபடம் பார்த்தேன். கண்ணாடி போய்விட்டது, நன்றி. பழைய ஆலையின் மேற்குச் சுவரை அப்படியே விட்டது கெட்டித்தனம். படகுத்துறைக் கொட்டிலின் தாழ்வாரத்தை இன்னும் நீட்டலாம், தென்மேற்கு மழைக்கு இது காணாது.

காவலாளியின் அறை எங்கே? வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டிருக்கிறீர்கள். இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றப் போகிறவர் அவர்தான், பீலியில் இலை எடுப்பதும் அவர், ஜல்லிப் படுக்கையில் சம்பு வெட்டுவதும் அவர். ஒரு அறை, ஒரு குளியல், ஏணியும் கத்தியும் ஆணிப்பெட்டியும் வைக்கப் பூட்டுப் போடுகிற களஞ்சியம். மொத்தப் பரப்பில் அது இருபதில் ஒன்றுகூட வராது.

மார்ச் 27, பின்குறிப்பு

அறிவிப்புப் பலகைக்கு நிறம் கேட்டிருந்தீர்கள். வெயிலில் சிவப்பு எழுத்துத்தான் முதலில் வெளிறும், ஆகவே எச்சரிக்கையைக்கூடக் கறுப்பில் எழுதுங்கள். மூன்று மொழியும் ஒரே அளவில். தமிழை அச்சுக்குக் கொடுக்க முன் இங்கே போடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.